கொடுத்தவர் கணக்கு

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போயிருப்பீர்கள். படகில் ஏறி, சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்ததும் 'இங்கதானே இதயக்கனி எடுத்தாங்க?' என்று கேட்டிருப்பீர்கள். படகுக்காரரும் அன்றைக்கு நாற்பதாவது தடவையாக, அலுத்துக்கொள்ளாமல் 'ஆமாங்க, எம்.ஜி.ஆர். இதே வழியாத்தான் போனாரு' என்று சொல்லியிருப்பார். அந்தப் பிச்சாவரத்துக்குப் போகிற வழியில் ஓர் ஊர் வந்ததே, அதுதான் கிள்ளை. நீங்கள் அங்கே நின்றிருக்க மாட்டீர்கள்.

பெருமாள் நிற்பார்.

வருஷா வருஷம் மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கடலாடுவதற்காக இந்தக் கரைக்கு வருகிறார். வழியில் தர்கா. முஸ்லிம் பெரியவர்கள் தட்டு வைத்து வரவேற்பார்கள். பெருமாள் சார்பில் மாலை தர்காவுக்குப் போகும். அப்புறம்தான் கடல். இதைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுதலாம். இன்றைக்கு விஷயம் வேறு.

சில வருடங்களுக்கு முன்னால் அந்த மாசி மகக் கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் கடலுக்கு வருகிற நாள். ஏதோ ஒரு சாமியோடு வந்த மேள செட் சாலையோரமாக நின்று வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தது. உறுமி, பம்பை, தப்பு. பக்கத்தில் காலேஜ் பையன் ஒருவன் சிநேகிதனிடம் கத்தினான்: ''டேய், இது 'பாய்ஸ்' பாட்டு பீட்டுடா!''

எனக்குத் தெரிந்த 'பாய்ஸ்' ஷங்கர் எடுத்தது. ''தம்பி, அதுல உறுமியே வராதேப்பா'' என்றேன், பெரிய மேதாவி மாதிரி. பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ''அது இல்ல அங்கிள். எம்.ஐ.ஏ.!''

அங்கிள் என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். காதில் மாட்டியிருந்த ஒயரில் ஒன்றைக் கழற்றி என் இடது காதில் செருகினான். வலது காதில் கிள்ளை, இடது காதில் லண்டன். இரண்டிலும் ஒரே உறுமல். முதுகுத்தண்டு சிலிர்த்தது என்று எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சிலிர்த்தது.

எம்.ஐ.ஏ. என்பது மாயா. முழுப் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975 ஜூலையில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அதனால் வீட்டில் அப்பா இல்லை. அம்மா கலா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடினார். கொஞ்ச காலம் சென்னையில்கூட இருந்தார்கள். 1986-ல் அகதிகளாக மறுபடியும் லண்டன். தெற்கு லண்டன் மிச்சத்தில் அரசாங்கக் குடியிருப்பு. மாயாவுக்குப் பதினோரு வயது ஆகப்போகிற சமயம். இங்கிலீஷ் வராது.

அந்த வீட்டில் திருடன் புகுந்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அகதி வீட்டில் திருடுகிற திருடனை என்ன சொல்வது! பாட்டுக் கேட்க வழியில்லாத மாயாவுக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வேறு ஒரு சத்தம் கேட்டது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. தாளத்தின் மீது ஏறி நின்று யாரோ கோபமாகப் பேசுகிற மாதிரி. பப்ளிக் எனிமி, என்.டபிள்யூ.ஏ., ராக்ஸேன் ஷான்டே. பாஷை புரியாத பெண்ணுக்குக் கோபம் புரிந்தது. ஹிப்-ஹாப் அவருக்குள் நுழைந்தது இப்படித்தான், சுவர் வழியாக.

படித்தது இசை இல்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் ஓவியமும் சினிமாவும். எலாஸ்டிகா என்ற ராக் குழுவுக்கு ஆல்பம் அட்டை வடிவமைத்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு ஊர் சுற்றினார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற கனடாப் பாடகி ஒரு பெட்டியைக் காட்டினார். ரோலண்ட் எம்.சி-505. பொத்தானை அமுக்கினால் தாளம் வரும். வாய்ப்பாட்டு தெரிய வேண்டாம், பியானோ தெரிய வேண்டாம். கடன் வாங்கிய அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு ஓர் அறைக்குள் உட்கார்ந்தார் மாயா. 2003-ல் 'கலாங்' வெளியானது. அச்சிட்டது 500 பிரதி. 2005-ல் முதல் ஆல்பம், 'அருளர்'. அப்பாவின் பெயர். 2007-ல் இரண்டாவது ஆல்பம், 'கலா'. அம்மாவின் பெயர். கிள்ளையில் என் காதில் விழுந்த 'பாய்ஸ்' இந்த 'கலா'வில்தான் இருக்கிறது.

மாயாவின் ஈழ அரசியலைப் பற்றியும் கேட்பீர்கள். புலிகளைத் தூக்கிப்பிடிக்கிறார் என்று ஒரு தரப்பு சொன்னது. சாகிற சாதாரணத் தமிழ் மக்களுக்காகப் பேசுகிறேன் என்றார் அவர். அது தனி அத்தியாயம். இந்த வாரம் நமக்கு மேளம்தான்.

சரி, சாம்பிளிங் என்றால் என்ன?

தையல் கடையில் வெட்டுத்துணி கிடக்கும், பார்த்திருப்பீர்கள். ஒருத்தர் சட்டையில் மிஞ்சியது, இன்னொருத்தர் பாவாடையில் மிஞ்சியது. அதையெல்லாம் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை. பழைய இசைத்தட்டிலிருந்து நாலு விநாடி மேளம், வேறொன்றிலிருந்து ரெண்டு விநாடி வயலின். வெட்டு, திரும்பத் திரும்ப ஓடவிடு, மேலே உன் குரலைத் தை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் பிராங்ஸில், ஒரு குடியிருப்பின் பொதுக்கூடத்தில், கூல் ஹெர்க் என்ற ஜமைக்காப் பையன் தங்கைக்காக ஒரு பார்ட்டி நடத்தினான். ஜனங்கள் பாட்டை விட்டுவிட்டு, நடுவில் தனியாக வருகிற மேளத்துக்குத்தான் ஆடுகிறார்கள் என்பதைக் கவனித்தான். இசைத்தட்டு சுழற்றும் மெஷின் இரண்டை வைத்துக்கொண்டு அந்த மேளத்தை மட்டும் நீட்டினான். ஹிப்-ஹாப்புக்குப் பிறந்தநாள் என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். 

நான் பி.காம். மூன்று வருடம் படித்ததில் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சூத்திரம்: பெறுபவர் கணக்கில் பற்று வை, கொடுப்பவர் கணக்கில் வரவு வை. வரவுக்கு இங்கிலீஷில் கிரெடிட். ஆல்பம் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பெயர்கள் போடுகிறார்களே, அதற்கும் கிரெடிட் என்றுதான் பெயர். அதனால் ஒரு பாட்டில் சாம்பிளிங் இருக்கிறது என்றால் எனக்கு முதலில் வருகிற கேள்வி இதுதான். கொடுத்தவர் யார்? அவர் கணக்கில் வரவு வைத்தார்களா?

பல தடவை வைத்ததில்லை. 1969-ல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ஓர் இசைத்தட்டு போட்டது. அதன் பின்பக்கப் பாட்டில் ஆறு விநாடி டிரம்ஸ் மட்டும் தனியாக வரும். வாசித்தவர் கிரிகரி கோல்மன். அந்த ஆறு விநாடியை வெட்டி எடுத்து உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பாட்டுகளில் போட்டார்கள். கோல்மனுக்குச் சல்லிக்காசு வரவில்லை. 2006-ல், தங்க வீடில்லாத நிலையில் செத்துப்போனார். 2015-ல் ரசிகர்கள் சிலர் வெட்கப்பட்டு உண்டியல் குலுக்கினார்கள். சேர்ந்தது சுமார் 24,000 பவுண்டு. அது குழுத் தலைவருக்குப் போனது. மேளம் அடித்தவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டாரே!

கேஸ் போட்டவர்களும் உண்டு. 1991-ல் நியூயார்க் நீதிபதி ஒருவர், பைபிளில் திருடாதே என்று சொல்லியிருப்பதை ஞாபகப்படுத்தித் தீர்ப்பைத் தொடங்கினார். அன்றிலிருந்து சாம்பிள் எடுத்தால் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற பயம் வந்தது. நம்மூர்க் கேஸும் இருக்கிறது. 2002-ல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற பாடகியின் 'அடிக்டிவ்' அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. பின்னணியில் ஓடியது லதா மங்கேஷ்கரின் குரல். 1981-ல் வந்த 'ஜோதி' என்ற இந்திப் படப் பாட்டு, இசை பப்பி லஹிரி. அவர் பெயர் எங்கேயும் இல்லை. கோர்ட்டுக்குப் போனார். பப்பி லஹிரி பெயர் போடாமல் விற்கக் கூடாது என்று 2003-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கோர்ட் தடை போட்டது. பொடி எழுத்தில் ஒரு பெயர். அதற்கு இத்தனை பாடு.

நாம் மட்டும் என்ன யோக்கியமா என்று கேட்கிறீர்களா? முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலீஷ்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளை எடுத்து நோட்டுஸ்வர சாகித்யம் போட்டார். அவர்களுடைய ராஜ வாழ்த்து மெட்டுதான் 'சந்ததம் பாஹிமாம்'. இருநூறு வருடத்துக்கு முன்னால் நடந்த சாம்பிளிங்! அந்த மெட்டை முதலில் போட்டவர் யார் என்பது இங்கிலாந்திலேயே தீராத தகராறு என்பதால் தீட்சிதர் தப்பித்தார். அவருடைய கீர்த்தனைகளில் 'குருகுஹ' என்று முத்திரை இருக்கும், யார் போட்டது என்று சந்தேகமே வராது. கிள்ளைக்குப் பக்கத்திலேயே தில்லைவிடங்கன் என்று ஓர் ஊர். மாரிமுத்தாப் பிள்ளை அங்கே பிறந்தவர். தமிழிசை மூவரில் ஒருவர், திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முந்தைய தலைமுறை. அந்த வழியாகப் பிச்சாவரம் போகிற எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்வார்கள்? பெயர் தெரிந்தவர் கதியே இப்படி. பெயரே இல்லாத மேளக்காரரை யார் கேட்பது?

மாயாவுக்கு வருவோம். 'கலா' ஆல்பத்துக்கு முதலில் பெரிய திட்டம் இருந்தது. டிம்பலேண்ட் அன்றைக்கு அமெரிக்க ஹிப்-ஹாப்பின் முடிசூடா மன்னர். அவரோடு உட்கார்ந்து முழு ஆல்பமும் செய்வதாகப் பேச்சு. 2006-ல் அமெரிக்கா விசா தரவில்லை. வேறு யாராவதாக இருந்தால் வக்கீல் ஆபீசில் போய் உட்கார்ந்திருப்பார்கள். மாயா மைக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. போன இடத்தில் என்ன சத்தம் கிடைக்கிறதோ அதுதான் பாட்டு. என்னைக் கேட்டால், அந்த விசா அதிகாரிக்கும் ஆல்பத்தில் ஒரு கிரெடிட் கொடுத்திருக்கலாம்.

சென்னையில் ரஹ்மானின் ஸ்டூடியோ. அங்கேதான் உறுமி வந்தது. உறுமியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் இழைக்க வேண்டும். இன்னொரு பக்கத்தை அடிக்க வேண்டும். இழைக்கிறபோது அடிபட்ட மிருகம் மாதிரி ஒரு முனகல் வரும். சாவு வீட்டிலும் கேட்கும், சாமி வருகிற இடத்திலும் கேட்கும். ஸ்டூடியோக்காரர்கள் சாதாரணமாக இந்த மாதிரி மேளத்தைப் பதிவு செய்தால் சுத்தம் செய்வார்கள். கரடுமுரடைச் செதுக்கிப் பாட்டுக்கு அடியில் படுக்கப்போட்டு விடுவார்கள். மாயாவும், அவரோடு வேலை செய்த ஸ்விட்ச் என்ற லண்டன்காரரும் செய்தது நேர் எதிர். மேளத்தை முன்னால் தள்ளிக் குரலைப் பின்னால் நிறுத்தினார்கள். 'பாய்ஸ்' பாட்டில் மாயா மேளத்தோடு சண்டை போட்டுத்தான் பாட வேண்டியிருக்கிறது. கிள்ளைத் தெருவிலும் அப்படித்தானே? மேளம் அடிக்கிற இடத்தில் நாம் கத்தித்தான் பேச வேண்டும்.

'பேர்ட் ஃப்ளூ' இன்னும் மோசம். மோசம் என்பதைப் பாராட்டாகச் சொல்கிறேன். ஆர்.பி.பட்நாயக் இசையில் 2003-ல் வந்த நம்ம 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டிலிருந்து துண்டு எடுத்து, மேளத்தையும் பிள்ளைகளின் கூச்சலையும் சேர்த்து அடைத்த பாட்டு. ஆல்பத்தின் முதல் பாட்டான 'பாம்பூ பாங்கா'வில் வருவது ராஜா சார். 'தளபதி'யில் ரஜினியும் மம்முட்டியும் போகிக்கு ஆடுவார்களே, அந்தக் 'காட்டுக்குயிலு'. 'ஜிம்மி'யோ 1982-ல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' படப் பாட்டையே திரும்பப் பாடியது. சின்ன வயதில் வீட்டு விசேஷங்களில் அந்தப் பாட்டுக்கு மாயாவை அம்மா ஆடவிடுவாராம்.

இங்கேதான் மாயாவின் பாணி மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது. 2003-ல் பிளாக் ஐட் பீஸ் குழுவும்தான் 'ஸ்ரீராகவேந்திரா' படத்து இளையராஜா பாட்டைச் சாம்பிள் செய்தது. அவர்களுக்கு அது எங்கோ கிடைத்த வாசனைப் பொருள். மாயாவுக்கு அது வீட்டு அலமாரி. கேசட் தேய்ந்த பாட்டு, அம்மா முணுமுணுத்த பாட்டு. அம்மா வீட்டுச் சத்தத்தை எடுத்து அம்மா பெயரிலேயே ஆல்பம் போட்டார். அந்தவரைக்கும் கணக்கு சுத்தம்.

அடுத்தது 'பேப்பர் ப்ளேன்ஸ்'. விசாவுக்கு அலைகிறவர்களை, வந்தேறிகள் பணம் பிடுங்க வந்தவர்கள் என்று பயப்படுகிறவர்களை, கிண்டல் செய்கிற பாட்டு. நடுவில் துப்பாக்கிச் சத்தமும், கடைக் கல்லாப்பெட்டி திறக்கிற சத்தமும் வரும். அந்தக் கல்லாச் சத்தம் என்னை மாதிரி காமர்ஸ்காரனுக்குத் தனி சந்தோஷம். அடியில் ஓடுகிற கிடார், கிளாஷ் என்ற பிரிட்டிஷ் குழுவின் 1982 பாட்டு. அதுவும் வந்தேறிகளைப் பற்றியதுதான். கிளாஷ்காரர்கள் நாலு பேர் பெயரும் பாட்டாசிரியர் வரிசையில் ஒழுங்காகச் சேர்ந்தது. 2008-ல் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 4-வது இடம் வரைக்கும் போனது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் ஒலித்தது. அதே படத்தில் ரஹ்மானோடு சேர்ந்து செய்த 'ஓ சாயா' ஆஸ்கருக்குப் போட்டியிட்டது.

எடுத்தவரிடமிருந்தே எடுப்பதும் நடந்தது. கான்யே வெஸ்ட் இந்தப் பாட்டிலிருந்து மாயாவின் குரலைத் துண்டாக வெட்டி 'ஸ்வாகா லைக் அஸ்' செய்தார். ஜே-ஸீ, டி.ஐ., லில் வெய்ன் என்று நாலு பெரிய தலைகள் பாடினார்கள். 2009 பிப்ரவரியில் கிராமி மேடை. நடுவில் நிறைமாத வயிற்றோடு மாயா. பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதியே அன்றைக்குத்தான்!

ஆனால் மாயாவுக்கே ஒரு மனத்தாங்கல் இருந்தது. டிப்லோ என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் 'பேப்பர் ப்ளேன்ஸ்' செய்தவர். கொஞ்ச நாள் காதலரும்கூட. பத்திரிகைகள் மாயாவின் தாளமெல்லாமே டிப்லோ போட்டது என்று எழுத ஆரம்பித்தன. 2007-ல் ஒரு பேட்டியில் வெடித்துவிட்டார். 'கலா'வின் பெரும்பகுதியைத் தயாரித்தது நானும் ஸ்விட்சும். முதல் ஆல்பத்துக்கு நான் அந்தப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தபோது டிப்லோவை எனக்கு அறிமுகமே கிடையாது என்றார். தூரதேசத்திலிருந்து வந்த கறுத்த பெண், இதெல்லாம் தானே செய்திருப்பாள் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? கொடுத்தவர் கணக்கில் வரவு வைக்காமல் விட்டால் எப்படி வலிக்கும் என்று அவருக்கும் தெரியும்.

அதைவிட எனக்குப் பிடித்த வரவு வேறொன்று. 2019-ல் பிரிட்டிஷ் அரசு மாயாவுக்கு எம்.பி.இ. பட்டம் அறிவித்தது. அப்போது அவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். அகதியாக வந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கிடைத்தது தையல் வேலை. என்ன தையல் தெரியுமா? இதே அரச பதக்கங்களை வருஷக்கணக்காக, ஆயிரக்கணக்கில் கையால் தைக்கிற வேலை. கலா தைத்த மாதிரிப் பதக்கம் மகள் சட்டையில் ஏறியது. அம்மாவுக்காகத்தான் வாங்கிக்கொள்கிறேன் என்றார் மாயா.

சென்னை ஸ்டூடியோவில் உறுமி இழைத்தார்களே, அவர்கள் கணக்கு என்ன ஆனது? ராஜா சாருக்குச் சட்டம் இருக்கிறது. கிளாஷுக்குச் சட்டம் இருக்கிறது. நம்மூர் 1957 சட்டத்தில் வாசிக்கிற கலைஞனுக்கான உரிமை 1994-ல்தான் நுழைந்தது, ராயல்டி 2012-ல். ஆனால் அதெல்லாம் அன்றைக்கு வாசித்த வாசிப்புக்கு. அந்த அடி யாருடையது? பாட்டன் பூட்டன் அடித்தது. ஊருக்கே சொந்தம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று சட்டம் சொல்லிவிடும்.

இது லண்டனில் தொடங்கிய வழக்கு இல்லை. கிள்ளையிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதி வைத்திருக்கிறார். கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தனார் கோயில்களுக்கு என்ன கொடுத்தார்? பேரிகை போன்ற வாத்தியங்களுக்குப் போர்த்தத் தோலும் வாரும். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு. தில்லைக்கு 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் வந்தார். ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டார். அவர் உரித்துப் பதப்படுத்திய தோல் கோயிலுக்குள் முழங்கும். தோல் கொடுத்தவர் வெளியே. உள்ளே போக அவருக்கு நெருப்பு மூட்டினார்கள் என்கிறது புராணம்.

கிள்ளையிலும் அன்றைக்கு நெருப்பு மூட்டியிருந்தார்கள். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார் ஒருவர். உறுமிக்காரர் பீடி பற்றவைத்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். பையன் நேராக அவரிடம் போய், ''ஐயா, இதைக் கேளுங்க'' என்று காதில் ஒயரைச் செருகினான்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலை ஆடவில்லை. விரல் மட்டும் முழங்காலில் தட்டியது. பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்தார்.

''நல்லாத்தான் அடிக்கிறானுவ. ரெண்டாவது உறுமி மட்டும் கொஞ்சம் பிந்துறான்.''

பையன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை.

''எந்த ஊரு செட்டு தம்பி இது? பேரு போட்டிருக்கா?''

போன் திரையில் பாடியவர் பெயர் மட்டும்தான் இருந்தது. பையன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் சாமி கிளம்பிவிட்டது. பெரியவர் ஒயரைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, பீடியைத் தேய்த்து அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, உறுமியைத் தோளில் மாட்டினார்.